அணில் தூண்டிலும் ஒரு புது மாமியும்

போன வாரம் மாதவி அழைப்பைத் துண்டித்து, கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். மூன்று வருடம் மூச்சுக்கூட விடாமல் மெல்பர்னில் கிடந்த பிரகலாதன் திடீரென்று அழைத்து, "பிள்ளையின்ர பாஸ்போர்ட் எங்க இருக்கு?" என்று கேட்டிருந்தான். நலமா என்று கேட்கவில்லை. பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்கவில்லை. பாஸ்போர்ட்.

பெற்ற அப்பன் கேட்டால் என்ன தப்பு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தாமரைக்கு நாலு வயதாக இருந்தபோது, ரொட்டி சானாய் வாங்கி வருகிறேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவன், கைப்பேசியை அணைத்துவிட்டுப் பினாங்கில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தவன் அவன். "ஏன், அப்பா பிள்ளைக்கு ஊர் காட்டக் கூடாதோ?" என்று வாசலில் நின்று சிரித்தான். பிறகு விவாகரத்து ஆனது. பிள்ளை அம்மாவோடுதான் என்று கோர்ட்டும் சொன்னது. ஆனால் அந்த இரண்டு இரவு மாதவியை விட்டுப் போகவில்லை.

அவன் அழைத்த விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாகத் தன் தம்பி பிரவினிடம் சொல்லவில்லை. அவனிடம் சொல்வதும் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதும் ஒன்று என்பது அவள் எண்ணம். நியாயமான எண்ணம்தான். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

தீபாவளி நெருங்கிவிட்டதால் மாதவி வேலை பார்க்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் சேலைக் கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. விடிந்ததும் ரயிலேறிவிட்டாள். கிள்ளானில், தாமரையும் பிரவினும் வழக்கம்போல் அணில் பிடிக்கப் போனார்கள்.

பிடிக்க என்று சொன்னால் தாமரைக்குக் கோபம் வரும். "பிடிக்கிறது இல்ல, தூண்டில் போடுறது" என்று எட்டு வயதுக் கறாரோடு திருத்துவாள். ஒரு குச்சி. அதன் நுனியில் பருத்தி நூல். நூலின் முனையில் முள்ளுக்குப் பதிலாக ஓடு உடைக்காத ஒரு கச்சாங், அதாவது நிலக்கடலை. அணில் வந்து கடலையைப் பற்றிக்கொள்ளும். குச்சியை மெல்ல உயர்த்தினால் அதுவும் விடாமல் தொங்கும். முன்னங்கால் எழும்பினால் ஒரு பாயிண்ட். நாலு காலும் எழும்பினால் பத்து. ஆட்டம் முடிந்ததும் கடலை அணிலுக்கே.

இந்த உலகமகா விளையாட்டை இணையத்தில் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து சேர்த்தவன் பிரவின்தான். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை, ஆகாததற்கு யார் காரணம் என்று கேட்டால் பெரிய பட்டியல் வைத்திருப்பான். பூங்காவில் உள்ள அணில்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தான். வயிறு சிவந்து, தொப்பை போட்டு, மற்றவர்களை விரட்டிவிட்டு முதலில் தின்னும் அணிலுக்கு, பட்டம் வாங்கிய பெரிய மனிதர்போல், டத்தோ என்று பெயர். அது நூலில் தொங்குவதைப் படமெடுத்து டிக்டாக்கில் போடுவான். பின்னணியில் தாமரை விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும். பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்று தொழிற்சாலையில் பீற்றிக்கொள்வான்.

அன்று டத்தோ வரவில்லை. வந்த சின்ன அணில்களும் பிரவினின் நூலை முகர்ந்துவிட்டுத் திரும்பி ஓடின.

"மாமா, நீங்க இழுக்கிறீங்க" என்றாள் தாமரை.

"எங்க இழுக்கிறேன்? கை ஆடுது லா. ராத்திரி ஷிப்ட்."

"இழுத்தா அதுக்குச் சந்தேகம் வரும். மாமி சொன்னாங்க."

மாமி என்றதும் பிரவின் தலைமுடியைக் கோதிக்கொண்டான்.

அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். வெளிர்நீலக் குர்தா, கழுத்தில் மெல்லிய சங்கிலி, கையில் ஒரு காகிதப் பொட்டலம். சில வாரங்களாக ஞாயிறு தவறாமல் வருகிறாள். பிரவினைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். முதல் நாள் தூரத்தில் நின்று பார்த்தாள். அடுத்த வாரம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரம், "நானும் ஒருக்கா போட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டாள். பிரவின் குச்சியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"குட் மார்னிங்" என்றான் இப்போது. குரலை ஒரு படி இறக்கிச் சொன்னான், ஆண்மையாக இருக்கட்டும் என்று.

"ஓம், குட் மார்னிங்."

தாமரை ஓடிப்போய் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் தூண்டிலை வாங்கி, குச்சியைத் தரையிலேயே கிடத்திவிட்டாள். கடலையை மரத்தின் வேர் மடிப்பில் வைத்தாள். பிறகு அதைப் பார்க்கவே இல்லை. தாமரையின் பின்னலைச் சரி செய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் யார் தோழி, அம்மா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள், விடுமுறைக்கு எங்கே போவீர்கள் என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

டத்தோ இறங்கி வந்தது. மரத்தடியில் நின்றது, யோசித்தது, இன்னும் கிட்டே வந்தது. கடலையை அது இரண்டு கையாலும் பிடித்த பிறகுதான் அவள் குச்சியைத் தொட்டாள். தூக்கவில்லை. நூலை விரலில் சுற்றிச் சுற்றி, அணிலைத் தன் முழங்கால் வரைக்கும் வரவழைத்துவிட்டாள். அது அவள் மடியில் ஏறி உட்கார்ந்து ஓட்டை உடைத்தது.

"அலமாக்!" என்றான் பிரவின். "எப்படிங்க?"

"நாங்கள் போகக் கூடாது. அது தானா வரவேணும்" என்றாள் அவள். சிரிக்காமல்தான் சொன்னாள். பிரவின் அதை அணில் பாடமாகவே எடுத்துக்கொண்டான்.

கடலை தீர்ந்துபோனது. "கார்ல இன்னும் கிடக்கு. எடுத்துக்கொண்டு வருவமா, குஞ்சு?" என்று தாமரையிடம் கேட்டாள்.

தாமரை மாமனைப் பார்த்தாள்.

"போய்ட்டு வா, போய்ட்டு வா" என்றான் தாராளப் பிரபு. அவர்கள் கார் நிறுத்துமிடத்தை நோக்கி நடக்க, அவன் பெஞ்சில் சாய்ந்து அக்காவை அழைத்தான். இவ்வளவு நல்ல செய்தியை எத்தனை நேரம்தான் வயிற்றுக்குள் வைத்திருப்பது?

மாதவி அப்போது ஏணியில் நின்று பட்டுச்சேலைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"என்னடா? தாமரை சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா, சாப்பிட்டா. அக்கா, உன் மக எனக்குப் பொண்ணு பாத்துட்டா லா."

"யாருடா அந்தப் பாவி?"

"பார்க்ல ஒரு ஆளு. ரொம்ப டீசன்ட். இவ அவங்கள மாமி மாமின்னு கூப்பிடுறா. நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல, சாமி சத்தியமா."

மாதவி சிரித்துவிட்டாள். மாமாவின் மனைவி மாமி. கல்யாணத்துக்கு முன்னாலேயே மகள் உறவு கட்டிவிட்டாளே என்று நினைத்தாள். தீபாவளிக்கு அந்தப் பெண்ணுக்கும் ஒரு சேலை எடுத்து வைக்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

"ஆன்டின்னுதானேடா எல்லாரையும் கூப்பிடுவா?"

"அதான் மேட்டரே! ஆன்டின்னுதான் கூப்பிட்டா. அவங்களேதான் சொன்னாங்களாம், ஆன்டி வேணாம், மாமின்னு கூப்பிடுன்னு. எவ்வளவு பெரிய சிக்னல் பாரு!"

மாதவியின் சிரிப்பு அரையில் நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்கே முதலில் விளங்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண், பேர் தெரியாத ஒருவனின் மருமகளிடம், என்னை மாமி என்று கூப்பிடு என்று எதற்குச் சொல்வாள்?

"அவங்க பேச்சு எப்படிடா இருக்கும்?"

"பேச்சா? ரொம்பப் பக்தி லா. என்ன கேட்டாலும் ஓம், ஓம்ங்கிறாங்க. உனக்குப் பிடிக்கும்."

பெட்டி ஒன்று மாதவியின் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கல்லாவிலிருந்து குமுதா, "என்னாச்சுக்கா?" என்று எழுந்து வந்தாள்.

ஓம். பிரகலாதன் வீட்டில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். யாழ்ப்பாணத்துக்காரர்கள். தாமரை பிறந்த புதிதில் அவனும் அவளும் படுக்கையில் உட்கார்ந்து உறவுமுறைக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள். என் தங்கச்சி இவளுக்கு மாமி என்பான் அவன். அப்பாவோட தங்கச்சி எப்படி மாமியாவா, அத்தை என்பாள் இவள். உங்களுக்கு அத்தை, எங்களுக்கு மாமி என்று அவன் சிரிப்பான். அந்தத் தங்கைதான் இந்துஜா. கல்யாணமே பிடிக்காமல் அவர்கள் வீட்டில் ஒருவரும் வராததால், மாதவி அவளைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்திருந்தாள். பிரவின் அதுவும் பார்த்ததில்லை.

"பிரவின்." அவள் குரல் அவளுக்கே வேறு யாருடைய குரல் மாதிரியோ கேட்டது. "தாமரை எங்க?"

"அவங்ககூடத்தான். கச்சாங் எடுக்க—"

"எங்க எடுக்க?"

"கார்ல."

"ஓடு! அது அவரோட தங்கச்சி. பிரகலாதன் தங்கச்சி. கார்ல ஏத்த விடாதடா, ஓடு!"

அந்தப் பக்கம் பெஞ்ச் கிரீச்சிட்டது. செருப்புச் சத்தம். "தாமர! தாமர!" என்று தம்பியின் குரல் மூச்சிரைக்கக் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. திரும்ப அழைத்தாள். அழைப்புப் போகவே இல்லை. காலையிலிருந்து அணில்களைப் படமெடுத்து உயிரை விட்டிருந்தது அவன் கைப்பேசி.

சேலைகளை மிதித்துக்கொண்டு மாதவி தெருவில் இறங்கினாள். தீபாவளிக் கூட்டம் நடைபாதை முழுக்க நின்று பலகாரம் ருசி பார்த்துக்கொண்டிருந்தது. கார் பிடித்தால் நெரிசலில் மாட்டிக்கொள்வோம் என்று சென்ட்ரலுக்கு ஓடி கொமுட்டர் ரயிலில் ஏறினாள். ஏறிய பிறகு, காரிலேயே போயிருக்கலாமோ என்று தோன்றியது. எதில் போயிருந்தாலும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

சுபாங் ஜெயாவில் ரயில் காரணமில்லாமல் நின்றது. எதிரே ஒரு பெண் பிள்ளைக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாதவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பாஸ்போர்ட் அலமாரியில் பூட்டித்தான் இருக்கிறது. பாஸ்போர்ட் இல்லாமல் எங்கே கொண்டு போக முடியும்? பினாங்குக்கு எந்தப் பாஸ்போர்ட் கேட்டார்கள்? தாய்லாந்து எல்லை அங்கிருந்து எவ்வளவு தூரம்?

எல்லாவற்றையும்விட அவளைச் சுட்டது தன் வாய்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரவின் பூங்கா பக்கமே போயிருக்க மாட்டான். தம்பி உளறுவான் என்று பயந்தோமே, நாம் பேசாமல் இருந்து என்ன சாதித்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஷா ஆலம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடுவதற்குள் அவள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

பூங்கா வாசலில் வாடகைக் காரைவிட்டு இறங்கியவளுக்கு முதலில் கண்ணில் பட்டது தாமரையின் மஞ்சள் சட்டை. அதே மரத்தடி. அதே பெஞ்ச். பிள்ளை கால் ஆட்டிக்கொண்டு கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பிரவின் அவளுடைய ஒரு கையை விடாமல் பிடித்துக்கொண்டு, காவல் பொம்மைபோல் நின்றான்.

"நான் ஓடிப் போறதுக்குள்ள அவங்களே திரும்பி வந்துட்டாங்கக்கா" என்றான். முகம் செத்திருந்தது. "பொட்டலத்தோட, சிரிச்சிக்கிட்டே. போன் செத்துப் போச்சு. நீ வரவரைக்கும் நான் கைய விடல."

மாதவி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வேர்வையும் கடலையும் கலந்த வாசனை. உயிர் திரும்பி வந்தது.

"அம்மா, நெரிக்கிறீங்க" என்றாள் தாமரை.

பெஞ்சின் மறு ஓரத்தில் இந்துஜா உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடவில்லை. ஓடவேண்டிய அவசியம் இருப்பதாக அவள் முகத்தில் தெரியவுமில்லை.

"வணக்கம் அண்ணி. நான் இந்துஜா" என்றாள்.

"உங்களுக்கு வெக்கமா இல்ல? திருட்டுத்தனமா வந்து என் பிள்ளைகிட்ட..."

"நான் ஒண்டையும் களவா எடுக்கேல்ல, அண்ணி. உங்கட தம்பிக்கு முன்னாலதான் இருந்தனான். என்ர பேரை அவர் கேக்கேல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

பிரவின் காது வரைக்கும் சிவந்தான். இத்தனை வாரமாக அவள் பெயரைக்கூடக் கேட்காமல் கனவு கண்டிருக்கிறான், பாவம்.

"இங்க இருக்கோம்னு யார் சொன்னா?"

"அணில் வீடியோ. பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டுது. அது அண்ணாவின்ர சிரிப்பு. எங்களுக்குத் தெரியாதே?"

சிரிப்பை வைத்தா கண்டுபிடித்தார்கள்? மாதவிக்கு உடம்பு கூசியது. "அவரு எங்க? மெல்பர்ன்லதானே?"

இந்துஜா மடியிலிருந்த தோல்களைத் தட்டிவிட்டாள். "அதை நீங்கள் அவரையே கேக்கலாம். அவர் கோல் எடுத்தா நீங்கள்தானே போனை வைக்கிறீங்கள்." எழுந்து நின்றாள். "கோர்ட்டில திருப்பி மனு போடப் போறம், அண்ணி. ஒளிக்கேல்ல, நேரவே சொல்லுறன். பிள்ளைக்கு எட்டு வயசு. உனக்கு ஆரோட இருக்க விருப்பம் எண்டு நீதிபதி பிள்ளையைத்தான் கேப்பார். அண்டைக்கு எங்களைப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது பாருங்கோ. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னது வலித்த அளவுக்கு, அவள் அடித்திருந்தால்கூட வலித்திருக்காது. இந்துஜா தாமரையின் கன்னத்தைத் தொட்டாள். பிரவினைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். பூங்காவின் பின்வாசல் பக்கம் நடந்து போனாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, என்னை அடி லா" என்றான் பிரவின். "நாலு அறை விடு. நான் மாங்கா மடையன்."

"உன்னை அடிச்சா? நான்தான் உன்கிட்ட சொல்லாம விட்டேன். அவரு போன வாரம் கூப்பிட்டாருடா. பாஸ்போர்ட் கேட்டாரு."

சொல்லி முடித்ததும் மாதவிக்கு மனதில் கொஞ்சம் பாரம் குறைந்தது. பிள்ளை கையில் இருக்கிறாள். இனி ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போக வேண்டாம். நாளைக்கே வக்கீலைப் பார்க்க வேண்டும். தலைக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே மகளின் கையைப் பிடித்து வாசலுக்கு நடந்தாள்.

வாசலை நெருங்கும்போது தாமரை மற்றொரு கையால் யாருக்கோ டாட்டா காட்டினாள்.

தெருவுக்கு எதிர்ப்புறம், மர நிழலில், கறுப்புக் கார் ஒன்று நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"யாருக்கும்மா டாட்டா காட்டுற?"

"அப்பாவுக்கு."

பிரவின் காரை நோக்கி ஓர் அடி வைத்தான். மாதவி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பா... எப்போலேர்ந்து வராரு?"

"எல்லா வாரமும்தான். காருக்குள்ளேயே இருப்பாரு. நான் கூப்பிட்டாத்தான் இறங்கி வருவாராம். நான் இன்னும் கூப்பிடல."

"ஏன் கூப்பிடல?" மாதவி மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா அழுவீங்கன்னு."

சொல்லிவிட்டுத் தாமரை அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். மாதவி அழவில்லை. பிள்ளைக்கு முன்னால் உடைந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்து, கண்ணைச் சிமிட்டி, சிரிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு முகத்தை வரவழைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்குத் தைரியம் கொடுக்கிறோம் என்று நினைத்தாள்.

தாமரை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்தது.

"நீங்கதான் அழலியே" என்றாள் சந்தோஷமாக. கையை உயர்த்தி, காரை நோக்கி, வா என்று அசைத்தாள்.

கார்க் கதவு திறந்தது.